அனுசரித்துப் போகச் சொல்லும் முன்

கணவன் அடிக்கிறான் என்று பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளுக்கு நம் ஊரில் நடப்பது ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். நாலு நாள் வைத்துக்கொள்வார்கள். பிறகு பெரியவர்கள் கூடி, மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்து, ‘இனி கை நீட்ட மாட்டேன்’ என்று அவர் வாயால் சொல்லவைத்து, அவளை வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். விஷயம் மகளிர் காவல் நிலையம்வரை போனாலும் பெரும்பாலும் முடிவு இதே திசையில்தான்: புகார் பெற்றதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, இரண்டு மூன்று தடவை கவுன்சலிங், கடைசியில் சேர்ந்து வாழச் சம்மதம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு வெள்ளைத்தாள். இதைச் செய்கிறவர்களில் பலர் அந்தப் பெண்ணின் நன்மையை நினைத்தே செய்கிறார்கள். ஆனால் நாளிதழ்களில் அடிக்கடி வரும் ஒரு வகைச் செய்தியின் கடைசிப் பத்தியைக் கவனித்தால் வேறொன்று தெரியும். ‘சில நாட்களுக்கு முன்புதான் உறவினர்கள் சமாதானம் பேசி அனுப்பிவைத்தனர், திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது.’ தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் வரதட்சணைச் சாவுகள் ஆறாயிரத்துக்கும் மேல். இவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது வெளியே வந்து, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் நமக்குத் தூக்கம் வராது.

குடும்ப வன்முறையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘எப்படிச் சேர்த்து வைப்பது?’ என்பதாக இருக்கக் கூடாது. ‘இன்று இரவு இவள் எங்கே தூங்கினால் உயிருக்கு ஆபத்தில்லை?’ என்பதாக இருக்கவேண்டும். மற்றதெல்லாம், விவாகரத்தோ சமாதானமோ வழக்கோ, அதற்குப் பின்னால் வரவேண்டியவை. இந்த வரிசையை மாற்றியதால் நேரும் சேதம் சிறியதல்ல.

பிரச்சினையின் அளவை முதலில் பார்ப்போம். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசிய சராசரி சுமார் 29 சதவீதம். படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கும் மாநிலம் இதில் சராசரியைத் தாண்டி நிற்கிறது. தமிழகப் பெண்கள் கணக்கெடுப்பாளரிடம் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள், அதனால் எண் கூடித் தெரிகிறது என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், முன்பின் தெரியாத கணக்கெடுப்பாளரிடம் சொன்னவள் அம்மாவிடம் சொல்லவில்லை என்றுதான் பொருள். ஏனென்றால் அதே கணக்கெடுப்பு, இந்தியாவில் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி தேடினார்கள் என்கிறது. 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் வாயும் திறக்கவில்லை. உதவி தேடியவர்களிலும் மிகப் பலர் போனது சொந்தக் குடும்பத்திடம். போலீஸிடம் போனவர்கள் மிகக் குறைவு. ஆக, பெரும்பாலான பெண்களுக்கு முதல் காவல் நிலையமும் முதல் நீதிமன்றமும் அம்மா வீட்டுக் கூடம்தான். அங்கே கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அவள் இரண்டாம் முறை வாய் திறப்பாளா என்பது முடிவாகிறது. இந்த இடத்தில் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்கவேண்டும்: ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம்தான் என்று அந்தக் கணக்கெடுப்பில் 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் ஒத்துக்கொண்டார்கள். பெண்கள் அதிகமாகச் சொன்ன காரணம், மாமனார் மாமியாரை மதிக்காதது.

வன்முறையை அடையாளம் காண்பதில்தான் நாம் முதலில் சறுக்குகிறோம். ‘அடிச்சானா?’ என்பதே நம் அளவுகோல். அடிக்கவில்லை என்றால் ‘அப்புறம் என்ன குறை?’ என்கிறோம். இந்தத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்த அமெரிக்க ஆய்வாளர் இவான் ஸ்டார்க், 2007-இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு கோணத்தை முன்வைத்தார். அடி என்பது அங்கங்கே வந்துபோவது. அன்றாடம் நடப்பது கட்டுப்பாடு. யாரிடம் பேசலாம், எவ்வளவு நேரம் கடையில் நிற்கலாம், எந்தப் புடவை கட்டலாம், சம்பளம் யார் கையில் இருக்கவேண்டும் என்று ஒருவர் இன்னொருவரின் நாளை மணிக்கணக்காக ஆள்வது. இதை மட்டுமே தனிக் குற்றமாக்கி இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் சட்டம் இயற்றின. நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பின்தங்கியிருக்கிறது என்று நினைக்கவேண்டாம். 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ தன் மூன்றாவது பிரிவிலேயே உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகைத் துன்புறுத்தலையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ இழித்துப் பேசுவதும் அதில் அடக்கம்.

இது நம் வீடுகளில் எடுக்கும் உருவம் பழக்கமானதுதான். ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பது. கேட்காமல் நகையை அடகு வைப்பது. சுயஉதவிக் குழுவில் அவள் பெயரில் கடன் எடுக்கவைத்துப் பணத்தைச் செலவழித்துவிட்டு, தவணை நாளில் அவளை அவமானப்பட விடுவது. அம்மாவுக்குப் போன் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வது. அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம் தாமதமானால் வீடியோ கால். படுக்கையில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லாமல் போவது. பிள்ளைகளை வைத்தே அம்மாவைக் கேலி பேசவைப்பது. தனித்தனியாகச் சொன்னால் இவை ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். பஞ்சாயத்தில் இவற்றைச் சொல்ல முயலும் பெண் திணறுவதும் அதனால்தான். ‘இதுக்கா வந்தே?’ என்ற ஒரு கேள்வியில் அவள் வாயடைத்துப்போவாள்.

அப்படியானால் எல்லாச் சண்டையும் வன்முறையா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. இல்லை. காசுக்கும் மாமியாருக்கும் பிள்ளை படிப்புக்கும் சண்டை போடாத வீடு இல்லை. வித்தியாசம் பயத்தில் இருக்கிறது. சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறார்களா, அல்லது ஒருவர் மட்டும் அடுத்தவரின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே மூடைக் கணிக்கிறாரா? ‘முடியாது’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்ட பிறகே வாய் திறக்கிறாரா? ஒரு தரப்பு மட்டும் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே நடப்பது சண்டை அல்ல, ஆட்சி. அடித்த மறுநாள் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்டு, புடவை வாங்கித் தந்து, சினிமாவுக்குக் கூட்டிப்போவதும் இந்த ஆட்சிக்குள் வருவதுதான். அந்த நல்ல நாட்கள் பொய்யானவை என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை. அவளுக்கு அவை உண்மை. திரும்பத் திரும்ப வரும் வரிசையைச் சுட்டிக்காட்டலாம், அவ்வளவே.

சில அறிகுறிகள் தெரிந்தால் யோசிப்பதற்கும் நேரம் இல்லை. கழுத்தை நெரித்திருந்தால் அது வெறும் ‘கை நீட்டியது’ அல்ல. வெளியே தழும்பே தெரியாமல் உள்ளே காயம் பட்டிருக்கலாம்; மூச்சுத்திணறலும் குரல் மாற்றமும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், தற்கொலை செய்துகொள்வேன் என்ற மிரட்டல், பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ எடுத்துக் காட்டுவது, கர்ப்ப காலத்தில் அடிப்பது, போகுமிடமெல்லாம் பின்தொடர்வது ஆகியவையும் அதே வரிசையில் வருபவை.

எல்லாரும் கேட்கும் கேள்வி ‘இவ்வளவு நடந்தும் ஏன் வெளியே வரவில்லை?’ என்பது. கையில் காசில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும், ஊர் என்ன சொல்லும் என்ற காரணங்கள் நமக்குத் தெரிந்தவை. தெரியாத காரணம் ஒன்று உண்டு. வெளியேறும் தருணமே மிக ஆபத்தானது. ஜாக்குலின் கேம்பெல் தலைமையில் 11 அமெரிக்க நகரங்களில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வு, மிகையாகக் கட்டுப்படுத்தும் கணவன் அல்லது துணைவனுடன் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரியும்போது, அவனால் கொல்லப்படும் அபாயம் ஒன்பது மடங்காகிறது என்றது. பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து வகுத்த எட்டுக் கட்டங்களிலும், உறவு கைநழுவுகிறது என்ற உணர்வு ஒரு திருப்பமாக வருகிறது. ஆக, வெளியே வரப் பயப்படும் பெண் கோழை அல்ல. தன் வீட்டு நிலவரத்தை அவள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறாள். ‘கெளம்பி வா, பாத்துக்கலாம்’ என்று வீறாப்பாகச் சொல்லும் அண்ணனும், ‘அனுசரிச்சுப் போ’ என்று திருப்பி அனுப்பும் சித்தப்பாவும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே அபாயத்தை எடைபோடவில்லை.

திருப்பி அனுப்புவது ஏன் அபாயத்தைக் கூட்டுகிறது? அவள் ஒருமுறை தப்பிக்கப் பார்த்தாள் என்பது இப்போது அவனுக்குத் தெரியும். யாரிடம் போனாள், யார் உதவினார்கள் என்பதும் தெரியும். அவள் வீட்டார் கடைசியில் தன்னிடமே அனுப்பிவைப்பார்கள் என்பதையும் அவன் கற்றுக்கொண்டுவிட்டான். பஞ்சாயத்தில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ‘உன் குறை என்னம்மா?’ என்று கேட்டால், இரவு அவனோடு ஒரே கதவுக்குள் போகப்போகிறவள் என்ன சொல்வாள்? அங்கே வரும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. 2005 சட்டத்தின்கீழ் 2006-இல் வகுக்கப்பட்ட விதிகள் கவுன்சலிங்கை அனுமதிக்கின்றன; ஆனால் வன்முறை மீண்டும் நடக்காது என்ற உறுதியைப் பெறுவதே அதன் நோக்கம் என்கின்றன. ‘அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்’ என்பது போன்ற எந்த நியாயமும் கவுன்சலிங்கில் வாதமாக வைக்கப்படக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. நம் சமாதானக் கூட்டங்களில் முக்கால்வாசி நேரம் போவது அந்த நியாயங்களைக் கேட்பதில்தான்.

பெண்கள் போலீஸிடம் தயங்காமல் பேசவேண்டும் என்பதற்காகவே 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு குடும்பப் பஞ்சாயத்து நடத்துவதற்கு அவை திறக்கப்படவில்லை. திருமணத் தகராறுகளில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. பூர்வாங்க விசாரணை என்றால் என்ன நடந்தது என்று பார்ப்பது. சேர்ந்து வாழ எழுதி வாங்குவது அல்ல.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். பெண்கள் பாதுகாப்புச் சட்டங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றனவே? மாமியார், நாத்தனார், வெளியூரில் இருக்கும் கொழுந்தன் என்று எல்லார் பெயரையும் புகாரில் சேர்ப்பது நடக்கவில்லையா? நடக்கிறது. உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில்கூட இதைக் கண்டித்திருக்கிறது. அதற்கான தடுப்பும் ஏற்கெனவே இருக்கிறது: அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன்மீதும் அவன் வீட்டார்மீதும் பாயும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவில் புகார் வந்தவுடன் யந்திரத்தனமாகக் கைது செய்ய முடியாது. (அந்தப் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்று மாறிவிட்டது.) ஆனால் இந்த ஆட்சேபத்தைச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2005 சட்டம் யாரையும் ஜெயிலில் போடுவதற்காக வந்ததல்ல. அது தரும் நிவாரணம் உரிமையியல் தன்மை கொண்டது: பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பண உதவி, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். ‘இவளை அடிக்காதே, இவள் வேலைபார்க்கும் இடத்துக்குப் போகாதே’ என்ற உத்தரவால் ஒரு நல்ல கணவனுக்கு என்ன நஷ்டம்? தவறான பயன்பாட்டுக்கு அஞ்சுகிறவர்கள்தான் இந்தச் சட்டத்தை முதலில் பரிந்துரைக்கவேண்டும். தவிர, ஒருபுறம் பொய்ப் புகார்கள், மறுபுறம் வாயே திறக்காத 77 சதவீதம். இரண்டில் எது பெரியது என்று கணக்கு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

‘ஆண்களும் அடிபடுகிறார்களே’ என்பதையும் கேலி செய்து ஒதுக்கக் கூடாது. அடிபடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொதுவான குற்றவியல் சட்டம் இருக்கிறது. 2005 சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது, அதைக் குறை என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் கொலைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2023-இல் உலகெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. மதிப்பிட்டது. அதாவது நாளொன்றுக்கு 140 பேர். மேலும், 2005 சட்டம் மனைவிக்கு மட்டுமானதும் அல்ல. மகனிடம் அடிவாங்கும் தாய், அண்ணனால் பூட்டிவைக்கப்படும் தங்கை, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்பவர் என எல்லாருக்கும் அது பொருந்தும்.

‘பிள்ளைகளுக்கு அப்பா வேண்டாமா?’ என்ற கேள்விக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. பக்கத்து அறையில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்கு அந்த இரவில் அப்பாவைவிட அமைதி வேண்டும்.

சரி, வெளியேறுவது ஆபத்து, திரும்புவதும் ஆபத்து என்றால் செய்யவேண்டியது திட்டம். அந்தத் திட்டத்தை அவனுக்குத் தெரியாமல் போடவேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே சேர்ப்பது முதல் படி. அவனுக்கும் அவளுக்கும் பொதுவான உறவினரைவிட, அவளுடன் வேலை செய்யும் தோழி இதற்கு நல்ல தேர்வு. போனில் கூகுள் மேப்ஸ் இருப்பிடப் பகிர்வு, வாட்ஸ்அப்பில் வேறு கருவியுடன் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் திடீரென்று எல்லாவற்றையும் அணைத்தால் அதுவே அவனை உஷார்ப்படுத்தும். முக்கியமான அழைப்புகளுக்கு வேறொருவர் போனே மேல். சண்டை முற்றும்போது சமையலறையிலும் குளியலறையிலும் மாட்டிக்கொள்ளாமல் வாசற்கதவுப் பக்கம் நகர்வது உயிர்காக்கும். அடி பட்டால் ஆஸ்பத்திரியில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லவேண்டாம். யார் அடித்தது என்பது விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், ஏறவேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் அந்த ஒரு வரிக்கு இருக்கும் கனம் பத்துச் சாட்சிகளுக்கும் இருக்காது. கிளம்பும் நாளை யாரிடமும் பெருமையாகச் சொல்லவும் கூடாது, ‘போறேன்’ என்று அவனை மிரட்டவும் கூடாது. பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ், அரசியல் மேடைகளில் எத்தனையோ விதமாகப் பேசப்படுகிறது. கையில் ஒரு ரூபாய் இல்லாத பெண் கலெக்டர் அலுவலகம்வரை போய்வர அது வழிசெய்கிறது என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போய்ச் சேர இடங்கள் இருக்கின்றன. 181 மகளிர் உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது; அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112. மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. சில நாள் தங்குமிடம், மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை அங்கேயே கிடைக்கும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவது அவர் கடமை; அதற்கு வக்கீல் வைக்கவேண்டிய அவசியம் இல்லை. வக்கீல் வேண்டுமென்றால், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. பிறந்த ஊரில் தஞ்சம் புகுந்த பெண் 2005 சட்டத்தின்படி அங்கிருந்தே மனு செய்யலாம்; அங்கிருந்தே போலீஸில் புகாரும் தரலாம் என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. சீதனமும் நகையும் அவளுடையவை என்பது 1985-லேயே முடிந்துபோன விவாதம்.

வெளியேறவேண்டியவள் எப்போதும் அவள்தானா என்பதையும் கேட்கவேண்டும். வீடு கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், அது கூட்டாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே தங்க அவளுக்கு உரிமை உண்டு என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே திருத்திச் சொன்னது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா இன்னும் ஒரு படி போனார்: வீட்டில் அமைதிக்கு அதுதான் ஒரே வழி என்றால், கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவேண்டும் என்றார், அந்த வழக்கில் கணவனுக்கு அப்படியே உத்தரவும் போட்டார். நம் பஞ்சாயத்துகளில் எப்போதாவது யாராவது மாப்பிள்ளையைப் பார்த்து ‘நீ கொஞ்ச நாள் வெளியே இரு’ என்று சொன்னதுண்டா?

காகிதத்தில் இருப்பதெல்லாம் கையில் கிடைத்துவிடுகிறது என்று சொல்லவில்லை. மனுவை மூன்று நாளில் விசாரணைக்கு எடுக்கவேண்டும், அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தாக்கள் வருடக்கணக்கில் நீள்கின்றன. ஒரு மாவட்டம் முழுமைக்கும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் என்றால் அவர் யாரைத்தான் பார்ப்பார்? சேவை மையத்தில் ஐந்து நாள் தங்கலாம், ஆறாம் நாள் எங்கே போவாள்? அரசு பதில் சொல்லவேண்டிய கேள்விகள் இவை. ஆனால் அந்தக் குறைகளைக் காட்டி ‘அதனால்தான் திருப்பி அனுப்பினோம்’ என்று குடும்பம் சொல்ல முடியாது. வழக்கு இழுக்கிறது என்றால் அதுவரை மகளை வைத்துக்கொள்ள வேண்டிய நாட்கள் கூடுகின்றன, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அடிபடுகிறவர்களும் அல்லர், அடிக்கிறவர்களும் அல்லர்; சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். ‘அடுத்த வீட்டு விஷயத்தில் நாம் எப்படித் தலையிடுவது, நாளைக்கு அவர்கள் சேர்ந்துகொண்டு நம்மேல் கேஸ் போட்டால்?’ என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், 2005 சட்டத்தின் நான்காவது பிரிவு உங்களுக்காகவே எழுதப்பட்டது. குடும்ப வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருக்கும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மேல் எந்த வழக்கும் போட முடியாது.